பெயர் எழுதிய ஏடு

திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் நெல்லையப்பரைத் தரிசித்துவிட்டு, தாமிரபரணியின் குறுக்கே 1843-ஆம் வருஷத்தில் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து பாளையங்கோட்டை சேருவது வழக்கம். கோயில் கல்வெட்டுகளில் பாண்டிய மன்னர்கள் வாழ்கிறார்கள். பாலத்தின் பெயரில் அதைக் கட்டிக்கொடுத்த தனவான் வாழ்கிறார். பனையேறிப் பிழைத்தவனும், வயலில் நாற்று நட்டவளும் எங்கே எழுதப்பட்டிருக்கிறார்கள்?

இக்கேள்விக்கு ஒரு விடை பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. ஊசிக்கோபுரத்தை அண்ணாந்து பார்த்து அதிசயிக்கும் நாம், 1785-இல் எழுந்த சிறிய ஆலயம் ஒன்றையும் அவசியம் பார்க்க வேண்டும். பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஜனங்கள் சொல்வது அதைத்தான். குளோரிந்தா என்ற அந்த அம்மையார் இளமையிலே கணவனை இழந்த மராட்டியப் பிராமண ஸ்திரீ; ஓர் ஆங்கிலேய அதிகாரியின் ஆதரவில் வாழ்ந்தவர். அவர் ஞானஸ்நானம் கேட்டபோது, விவாகமின்றி வாழ்வதைக் காரணம் காட்டிச் சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்தபின், 1778-இல் அதே ஐயரே ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-ஆம் வருஷத்துச் சபைப் பதிவேட்டில் கண்ட பெயர்கள் நாற்பது. அவற்றுள் முதற்பெயர், ஒரு காலத்தில் மறுக்கப்பட்ட அந்த அம்மையாருடையது! அவர் கதையை அ. மாதவையா 1915-இல் ஆங்கில நாவலாக எழுதினார்.

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1899-இல். அதற்கு நூறு வருஷங்களுக்கு முன்பே, 1799-இல் செம்மணல் தேரிக்காட்டில் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் உண்டாகிவிட்டது. ஆகையால் இச்சீமையில் குடும்ப வரலாறு தேடுவோருக்குச் சர்க்கார் கச்சேரியைவிடச் சேகரத்து ஏடு பழமையான துணை.

அதில் என்ன இருக்கும்? குழந்தையின் பெயர், ஞானஸ்நானத் தேதி, தாய் தந்தையர் பெயர், குடியிருக்கும் ஊர், தகப்பனார் தொழில், குருவானவர் கையொப்பம். நிலப் பத்திரத்தில் அகப்படாத தாயின் பெயர் இங்கே அகப்படும். பெரியவர்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தால் பழைய பெயரும் புதுப்பெயரும் அருகருகே நிற்பதுண்டு. சுடலைமுத்து ஞானமுத்துவாக மாறியிருந்தால், இரண்டு காலங்களையும் இணைப்பது அந்த ஒரு வரியே.

மணப்பாடு முதலிய கடற்கரை ஊர்களின் கத்தோலிக்க ஏடுகளிலோ ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் உறவினராதலால் சுற்றமும் புலப்படும். லத்தீனில் எழுதிய பக்கங்களில் அந்தோணி ‘அந்தோனியுஸ்’ ஆகியிருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக இல்லை. பாட்டன் பெயர் பேரனுக்கு வரும். ஒரே ஊரில் மூன்று தேவசகாயங்கள் அகப்பட்டால், தகப்பன் பெயரையும் தாய் பெயரையும் ஒத்துப் பார்த்தாலன்றி, அயலான் பாட்டனை நம் பாட்டனாகக் கொண்டாட நேரிடும். ஆதலால் ஏட்டைத் திறக்குமுன் வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள்: எந்த ஊர், எந்தக் கோயில், யார் மகள்?

கல்வெட்டுக்குக் கல்லின் ஆயுள்; காகிதமோ செல்லரிக்கும், மை மங்கும். அரசர்களின் பெயரைக் காக்க ஆட்கள் உண்டு. இந்த ஏட்டிலுள்ளவர்களுக்கு அவர்கள் சந்ததியாரே உண்டு. குருவானவரின் அனுமதி பெற்று, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைப்பது அந்தச் சந்ததியாரின் கடமையாகும்.