சுண்ணக்கட்டியும் சரளைக்கல் பாதையும்



பள்ளி விடுமுறையின் முதல் நாள் காலையில் முன்னாள் மாணவர் ஒருவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பணியின் பொருட்டு இங்கிலாந்தில் ஈராண்டுகள் தங்கியிருந்தவர் அவர். பச்சைப் புல்வெளிக் குன்றின்மேல் வெண்மையாக நெளிந்து செல்லும் ஒரு பாதையையும் அதில் சாய்த்து வைக்கப்பட்ட மிதிவண்டியையும் படமெடுத்து அனுப்பியிருந்தார். கீழே ஒரே ஒரு வரி: “ஐயா, நீங்கள் கரும்பலகையில் எழுதிய சாக்பீஸ் மேலேயே சைக்கிள் ஓட்டுகிறேன்!”

படித்தவுடன் சிரித்தேன். சிறிது நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்று பின்னர் சொல்கிறேன்.

அவர் சொன்னது வெறும் வேடிக்கையன்று. தென் இங்கிலாந்தின் அந்தக் குன்றுகள் உண்மையிலேயே சுண்ணக்கட்டிப் பாறைகள்தாம். கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கடலடியில் படிந்து, இறுகி, பின்பு மேலெழுந்தவை. அவற்றின் முதுகின்மேல் வின்செஸ்டர் நகரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை ‘சவுத் டவுன்ஸ் வே’ என்னும் நெடும்பாதை ஏறக்குறைய 160 கிலோமீட்டர் செல்கிறது. நடப்போருக்கும் குதிரையில் செல்வோருக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் உரிய பாதை அது. அந்நாட்டில் கால்வாய்க் கரைப் பாதைகளும் உண்டு. ஒரு காலத்தில் குதிரைகள் கரையில் நடந்து படகுகளை இழுத்துச் சென்ற அப்பாதைகளில் இன்று மிதிவண்டிகள் ஓடுகின்றன. இத்தகைய சரளைக்கல் பாதைகளுக்கென்றே சற்று அகன்ற சக்கரங்களுடன் ‘கிரவல்’ மிதிவண்டிகள் செய்யப்படுகின்றன.

‘நமக்கு அப்படியொரு கொடுப்பினை இல்லையே’ என்று எண்ணத் தோன்றுகிறதல்லவா? செந்தூலில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் நம் வீட்டு வாசலிலிருந்து வடக்கே பார்த்தால் தெரிவது என்ன? பத்துமலை! அதுவும் சுண்ணாம்புப் பாறையே. இங்கிலாந்துக் குன்றுகளைவிட மிகப் பழமையானது. ஏறத்தாழ 40 கோடி ஆண்டு வயதுடையது என்பர். வேதியியல் நோக்கில் இரண்டும் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். 1891இல் தம்புசாமிப் பிள்ளை அவர்கள் அக்குகையில் முருகனுக்குக் கோயில் எழுப்பினார். 272 படிகளை ஏறும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தாங்கள் ஒரு பழங்கடலின் அடித்தளத்தின்மேல் ஏறுகிறோம் என்பது தெரியும்? நான் பல ஆண்டுகள் அறிவியல் கற்பித்தும் அதை வகுப்பில் சொன்னதில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

என் தந்தையார் செந்தூல் இரயில் பட்டறையில் பணியாற்றியவர். ராலே மிதிவண்டி ஒன்று வைத்திருந்தார். மாலையில் பட்டறை வாயில் திறந்ததும் மிதிவண்டிகள் வெள்ளம்போல் வெளியேறும். முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு என்னை அமர்த்திப் பத்துமலைக்கு அழைத்துச் செல்வார். அன்றைய சாலை அதற்கு இடம் கொடுத்தது. இன்று அதே சாலையில் ஒரு பிள்ளையைத் தனியாக மிதிவண்டியில் அனுப்ப எனக்கும் மனம் வராது.

இனி, சிரிப்பு நின்ற காரணத்திற்கு வருகிறேன்.

2011ஆம் ஆண்டு. நான் அப்பொழுது பணியாற்றிய பள்ளியில் மாணவர் நலப் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பள்ளிக்கு வரும் வழியில், மூலைத் திருப்பத்தில், மோட்டார் சைக்கிள் மோதி விழுந்தான். கை முறிந்தது. மறுவாரமே நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன்: ‘இனி எந்த மாணவரும் மிதிவண்டியில் பள்ளிக்கு வருதல் கூடாது.’ கூட்டத்தில் எல்லோரும் கைதூக்கினர். மிதிவண்டி நிறுத்தும் இரும்புச் சட்டங்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டோம். பிள்ளைகளைக் காத்துவிட்டோம் என்ற நிறைவுடன் அன்றிரவு உறங்கினேன்.

அந்த மாணவனின் தந்தை இரவுப் பணியாளர். தாயார் விடியுமுன் வேலைக்குச் செல்பவர். கொண்டுவந்து விட ஆளில்லை. கை குணமான பிறகு அவன் வாரத்தில் இரண்டு நாள் தாமதமாக வந்தான். சில நாள் வரவேயில்லை. தாமதத்திற்காக அவனை வாயிலில் நிறுத்திக் கண்டித்தவன் யார் தெரியுமா? தடை கொண்டுவந்த நானேதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

மின்னஞ்சல் அனுப்பியவர் அவர்தாம்.

நாடு திரும்பியதும் வீட்டிற்கு வந்தார். நானே அப்பேச்சை எடுத்து, “அன்று நான் செய்தது தவறு தம்பி” என்றேன். அவர் தலைகுனிந்து சிரித்தார். “கை முறிஞ்சது மறந்து போச்சுங்க ஐயா. அப்பா என் சைக்கிளை வித்ததுதான் மறக்கல” என்றார். மனத்தாங்கல் ஏதுமின்றித்தான் சொன்னார். அதனால்தான் அதிகம் வலித்தது.

அடுத்த ஞாயிறே என்னைத் தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் அழைத்துச் சென்றார். ஐம்பதைக் கடந்த எனக்கு ஓர் இரவல் மிதிவண்டி. நம்மில் பலர் செகிஞ்சானுக்கு மீன் சாப்பிடவும் வயலில் நின்று படமெடுக்கவும் போவதுண்டு. ஆனால் அந்த வயல்களுக்கு நீர் எங்கிருந்து வருகிறது? பெர்ணம் ஆற்றிலிருந்து திருப்பப்படும் நீர், சதுப்புக்காட்டின் வழியாகத் தெங்கி ஆற்றை அடைந்து, அங்கிருந்து கடற்கரைக்கு இணையாக ஓடும் பெருவாய்க்காலில் பாய்கிறது. அதிலிருந்து கிளை வாய்க்கால்கள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் வயல்களுக்குள் பிரிகின்றன. சதுப்புக்காட்டின் சாறு கலந்ததால் நீர் தேநீர் நிறத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை நெல் விளைகிறது. வாய்க்காலின் ஓரமாகவே சரளைக்கல் பாதை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மணிக்கணக்கில் ஓட்டினோம், எதிர்ப்பட்ட வாகனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொக்குகள் மட்டும் எழுந்து எழுந்து அமர்ந்தன.

அங்குதான் எனக்கு ஒன்று விளங்கியது. 2011இல் எங்கள் கூட்டம் கேட்ட கேள்வி, ‘மிதிவண்டி ஆபத்தா?’ என்பது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ‘எந்தப் பாதையில், யாருடன், எப்பொழுது?’ என்பது. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் நள்ளிரவுக்குப் பின் நெடுஞ்சாலையில் மிதிவண்டி ஓட்டிய எட்டுச் சிறுவர்கள் காரில் அடிபட்டு மாண்டதை நாம் மறக்கவில்லை. அதன் பிறகு பல வீடுகளில் மிதிவண்டி என்ற சொல்லே அச்சத்தைத் தந்தது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் தடை மட்டும் போட்டால் பிள்ளைகள் நமக்குத் தெரியாமல், நாம் விரும்பாத நேரத்தில், நாம் விரும்பாத சாலைக்குத்தான் போவார்கள்.

இதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். ஒரு தாயார் எழுந்து, “சார், என் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீங்கள் பதில் சொல்வீர்களா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. “நீங்களும் உடன் வாருங்கள் அம்மா” என்று மட்டும் சொன்னேன். ஒன்பது குடும்பங்கள் வந்தன. அந்தத் தாயாரும் வந்தார். ஒன்பது மாணவர்களுள் நால்வருக்கு மிதிவண்டி ஓட்டவே தெரியவில்லை என்பதை அன்றுதான் அறிந்தோம். அவர்களுக்கு அன்று பயணம் இல்லை. வயலோரத் திடலில், தத்தம் தந்தையர் பின்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓட, விழுந்து விழுந்து கற்றார்கள்.

குடும்பத்துடன் செல்ல விரும்பும் பெற்றோருக்குச் சில குறிப்புகள்:

விடிந்தவுடன் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். வயல்வெளியில் நிழலே கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் நீராவது வேண்டும். வாய்க்கால்களுக்குத் தடுப்பு இல்லாத இடங்கள் பல. பிள்ளைகளை வயல் பக்கமும் பெரியவர்களை நீர்ப் பக்கமும் ஓட்டச் செய்யுங்கள். சரளையில் முன் பிரேக்கை மட்டும் திடீரென அழுத்தினால் சக்கரம் வழுக்கும். சக்கரத்தில் காற்றைச் சற்றே குறைத்தால் பிடிப்பு கூடும். அறுவடைக் காலத்தில் லோரிகளுக்கும் இயந்திரங்களுக்கும் இறங்கி வழிவிடுங்கள். அது அவர்கள் பிழைப்புக்கான பாதை, நாம் விருந்தினர். தலைக்கவசம் பெற்றோருக்கும் சேர்த்துத்தான்!

பள்ளியில் மிதிவண்டித் தடை இன்னும் இருக்கிறது. அந்த மூலைத் திருப்பம் இன்னும் ஆபத்தாகவே இருப்பதால், அதை நீக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அத்திருப்பத்தில் வேகத்தடையும் காலை நேரக் காவலரும் வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். 2011இல் தீர்மானம் எழுதிய அதே கையால், முதலில் எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை இப்பொழுது எழுதியிருக்கிறேன்.

உங்கள் பள்ளியில் நிலைமை எப்படி? எழுதுங்கள். மீண்டும் சந்திப்போம்.