பிஸ்கட் டின்னுக்குள் ஒரு குரல்

காலை ஆறு மணி. மணிக்கட்டில் கட்டியிருக்கும் கடிகாரம் மெல்ல அதிர்கிறது. கண் திறந்ததும், தாம் எப்படித் தூங்கினார் என்று அந்தக் கடிகாரம் தரும் கணக்கைத்தான் அவர் முதலில் பார்க்கிறார்.

"நேற்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லையாம்," என்று மனைவியிடம் சொல்கிறார்.

"அதைக் கடிகாரம் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, மனைவி காப்பி கலக்கப் போய்விடுகிறார்.

தோ பாயோ வட்டாரத்து அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் அவருக்கு வயது 50. மின்தூக்கிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பராக வேலை செய்கிறார். உறவினர்கள் கைப்பேசியோ தொலைக்காட்சியோ வாங்குவதற்கு முன் அவரைத்தான் கேட்பார்கள். விரைவு ரயிலில் ஏறியதும் காதொலிப்பானை மாட்டிக்கொள்வார். திறன்பேசியில் ஒலி 96.8 செய்தியைக் கேட்பார். அது முடிந்ததும் பாட்டு. இறங்கும் நிலையம் வருவதற்குள், புதிதாக வந்திருக்கும் சாதனம் ஒன்றைப் பற்றிய காணொளியையும் பார்த்து முடித்துவிடுவார்.

இந்த ஆர்வம் சிறுவயதிலேயே தொடங்கியது. சோனி நிறுவனம் 1979ஆம் ஆண்டு ஜப்பானில் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நடந்துகொண்டே தனியாகப் பாட்டுக் கேட்கலாம் என்பது அன்று பெரிய வியப்பு. பள்ளி நண்பன் ஒருவனின் வாக்மேனை ஐந்து நிமிடம் காதில் வைத்துக் கேட்டவர், பிறகு அந்த ஆசையிலிருந்து மீளவே இல்லை. ரோச்சோரில் உள்ள சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதிக்குப் போய், வாங்கப் பணமில்லாவிட்டாலும் மாடி மாடியாக ஏறி இறங்குவார்.

சிங்கப்பூரரான சிம் வோங் ஹூ 1981இல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989இல் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்னும் ஒலி அட்டையை வெளியிட்டது. அதுவரை பெரும்பாலும் 'பீப்' என்று மட்டும் கத்திக்கொண்டிருந்த மேசைக் கணினிகளில் இசையும் பேச்சும் ஒலிக்கத் தொடங்கின. அதே நிறுவனம் 2000ஆம் ஆண்டில் 6 கிகாபைட் வன்தட்டு கொண்ட 'நோமாட் ஜூக்பாக்ஸ்' என்னும் இசைக்கருவியைக் கொண்டுவந்தது. வேலைக்குச் சேர்ந்து சம்பாதிக்கத் தொடங்கியிருந்த அவர், இரண்டையும் வாங்கிவிட்டார். ஏறத்தாழ நூறு மணி நேரப் பாட்டு ஒரே பெட்டிக்குள்! உலகமே கைக்குள் வந்துவிட்டதுபோல் அவருக்கு இருந்தது.

ஒன்று வந்தால் மற்றொன்று வெளியேறும். ஒலிநாடா போய்க் குறுவட்டு வந்தது. குறுவட்டு போய் எம்பி3 வந்தது. இப்போது பாட்டுகள் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. மாதக் கட்டணம் செலுத்தும்வரை கேட்கலாம். நிறுத்தினால் ஒன்றுகூட மிஞ்சாது. அவர் வீட்டு இழுப்பறை ஒன்றில் பழைய மின்னூட்டிகளும் கம்பிவடங்களும் பாம்புகள்போல் பின்னிக் கிடக்கின்றன. அவற்றுக்கு அடியில் நான்கைந்து பழைய கைப்பேசிகளும் உண்டு. சிங்கப்பூரில் 2017இல் 2ஜி சேவை நிறுத்தப்பட்டபோது அவற்றுள் சில ஒரே நாளில் ஊமையாகிவிட்டன.

சென்ற தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பு, அவருடைய அம்மா அவரை அழைத்தார். அம்மாவுக்கு வயது 76.

"தம்பி, எங்கம்மா பேசி அனுப்பின கேசட்டைக் கணினியில ஏத்திட்டேன்னு சொன்னியே, அதைக் கொஞ்சம் போட்டுக் காட்டுறியா?"

"என்னம்மா, திடீர்னு?"

"போட்டோ இருக்கு. முகம் மறக்கல. குரல்தான் ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது."

அந்த ஒலிநாடா 1984இல் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புக்கு ஆகும் செலவை நினைத்தாலே அந்தக் காலத்தில் பயம். ஆகவே, சிங்கப்பூருக்குத் திரும்பும் ஊர்க்காரர் ஒருவரிடம் பாட்டி தம் பேச்சையே பதிவு செய்து கொடுத்தனுப்பினார். எழுத்தறியாத பலருக்கு அன்று ஒலிநாடாவே கடிதமாக இருந்தது. பாட்டி இறந்த பிறகு அந்த ஒரு நாடாவில் மட்டும்தான் அவர் குரல் எஞ்சியிருந்தது. 2000ஆம் ஆண்டில் அவர் அதைக் கணினிக் கோப்பாக மாற்றினார். "இனி இது அழியவே அழியாது, அம்மா," என்று பெருமையாகச் சொன்னார்.

அன்றிரவு அவர் பழைய வன்தட்டை எடுத்துக் கணினியில் இணைத்தார். 'டக், டக்' என்று ஒரு சத்தம். மீண்டும் இணைத்தார். மீண்டும் அதே சத்தம். வன்தட்டுக்குள் நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் தகடுகள் இருக்கின்றன. அவற்றின்மேல் மயிரிழையைவிடக் குறைந்த இடைவெளியில் ஓர் ஊசிமுனை நகர்ந்து தகவலைப் படிக்கிறது. அந்த முனை பழுதானால் தகடு சுழலும். ஆனால் எதையும் படிக்க முடியாது. தரவு மீட்டுத் தரும் கடை ஒன்றில் விசாரித்தார். ஒரு நல்ல திறன்பேசியின் விலையைக் கேட்டார்கள். மீட்க முடியும் என்று உறுதி தரவும் இல்லை.

அந்தக் கோப்புக்கு அவர் வேறு நகல் எடுத்து வைக்கவில்லை. ஒவ்வொரு புதுக் கணினி வாங்கும்போதும் "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டிருந்தார். வீட்டில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு சாதனங்களும் அன்றிரவு அவருக்கு வெறும் பெட்டிகளாகத் தெரிந்தன.

மறுநாள் தயங்கித் தயங்கி அம்மாவிடம் உண்மையைச் சொன்னார். அம்மா கோபப்படவில்லை. தம் அறைக்குள் போய், பழைய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்துவந்தார். பிறப்புச் சான்றிதழ்கள், பழைய கடப்பிதழ் ஆகியவற்றுக்கிடையே அந்த ஒலிநாடா துணியில் சுற்றப்பட்டு இருந்தது.

"இதை அன்னைக்கே தூக்கிப் போடச் சொன்னேனே அம்மா!"

"சொன்னே. எனக்குத்தான் மனசு வரல."

நாடா இருந்தது, அதை ஓட்ட வீட்டில் கருவி இல்லை. அதற்கும் அம்மாவிடமே விடை இருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து, அப்பா வாங்கிய பழைய டேப் ரிக்கார்டரை இழுத்து எடுத்தார். மின்சாரம் கொடுத்ததும் வானொலி பாடியது. ஆனால், நாடா ஓட வேண்டிய பகுதி அசையவில்லை.

இணையத்தில் தேடியபோது 'ரிப்பேர் கோப்பித்தியாம்' பற்றி அவருக்குத் தெரியவந்தது. 2014இல் தொடங்கிய இந்த முயற்சியில், பழுது பார்க்கத் தெரிந்த தொண்டூழியர்கள் குடியிருப்பு வட்டாரங்களில் கூடுகிறார்கள். பழுதான பொருளைக் கொடுத்துவிட்டுப் போவதற்கான இடமன்று அது. பொருளைக் கொண்டுவந்தவரே அருகில் உட்கார்ந்து, கற்றுக்கொண்டு பழுது பார்க்க வேண்டும்.

அங்கே வெண்முடியுடன் இருந்த சீன முதியவர் ஒருவர் டேப் ரிக்கார்டரைத் திறக்கச் சொன்னார். உள்ளே சுழற்பொறியையும் சக்கரத்தையும் இணைக்கும் ரப்பர் பட்டை, பல ஆண்டு வெப்பத்தில் தார்போல் உருகி ஒட்டிக்கிடந்தது. "பொறி நன்றாகத்தான் இருக்கிறது. அதன் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பட்டைதான் போய்விட்டது," என்றார் முதியவர். ரப்பர் பிசுக்கைப் பஞ்சுக் குச்சியாலும் ஆல்கஹாலாலும் துடைக்கவே ஒரு மணி நேரம் பிடித்தது. பிறகு, சரியான அளவுள்ள புதிய பட்டையை மாட்டினார்கள். அதன் விலை சில வெள்ளிதான்.

உடனே பாட்டியின் நாடாவைப் போட அவர் கை நீட்டினார். முதியவர் தடுத்தார். "முதலில் வேறு ஒரு நாடாவைப் போட்டுப் பாருங்கள், தம்பி. இயந்திரம் அதைத் தின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?" அவர் சொன்னபடியே வேண்டாத நாடா ஒன்றை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் அவர் பாட்டியின் நாடாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் மேல்விளிம்பில் இருக்க வேண்டிய இரு சிறு பிளாஸ்டிக் துண்டுகள் உடைக்கப்பட்டிருந்தன. அவருக்குச் சட்டென்று பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வயதில், வானொலியில் ஒலித்த திரைப்பாடலைப் பதிவு செய்ய இதே நாடாவை எடுத்துப் போட்டிருந்தார். பதிவுப் பொத்தான் எவ்வளவு அழுத்தியும் இறங்கவில்லை. அந்தத் துண்டுகள் இல்லாத நாடாவில் புதிதாகப் பதிவு செய்ய முடியாது. அப்பாதான் அவற்றை உடைத்துவைத்திருந்தார். இல்லாவிட்டால் பாட்டியின் குரல்மேல் அன்றே ஒரு பாட்டு ஏறியிருக்கும்.

அன்று மாலை வீட்டில் எல்லாரும் கூடினார்கள். மகள் தன் திறன்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டியின் அருகில் உட்கார்ந்தாள். பொத்தானை அழுத்தியதும் முதலில் 'உஸ்' என்ற இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு ஒரு சேவல் கூவியது. அதன்பின் வயதான பெண் ஒருவர், பக்கத்தில் இருக்கும் யாரிடமோ, "இது ஓடுதா? ஓடுதான்னு பாரு," என்றார்.

அவர் திடுக்கிட்டார். கணினிக் கோப்பில் இந்தப் பகுதியே இல்லை. கணினியில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சேவலையும் இரைச்சலையும் இடைவெளிகளையும் அவரே வெட்டி எறிந்திருந்தார். தேவையான பேச்சு மட்டும் போதும் என்று அன்று அவர் நினைத்தார்.

நாடா தொடர்ந்து ஓடியது. "நல்லாயிருக்கியாம்மா? அங்க மழையா? நேரத்துக்குச் சாப்பிடுறியா?" என்று கேட்டுவிட்டுப் பாட்டி சற்று நேரம் பேசாமல் இருந்தார். மகள் பதில் சொல்வதற்காக விட்ட இடைவெளி அது. அந்த இடைவெளியையும் அவர் ஒருகாலத்தில் வெட்டியிருந்தார்.

"சாப்பிட்டேம்மா," என்றார் அவருடைய அம்மா, மிக மெதுவாக.

அந்த வாரமே அவர் நாடாவின் இரு பக்கங்களையும் ஒரு நொடிகூட வெட்டாமல் பதிவு செய்தார். முக்கியமான கோப்புக்கு மூன்று நகல்கள் வேண்டும். அவை இருவேறு வகைச் சேமிப்பகங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்று கணினித் துறையினர் சொல்வதுண்டு. பிறருக்குப் பலமுறை சொன்ன அந்த அறிவுரையை இம்முறை அவரே பின்பற்றினார். ஒரு நகல் கணினியில், ஒன்று புதிய வெளிவன்தட்டில், ஒன்று மேகச் சேமிப்பகத்தில். ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன்பு மூன்றையும் திறந்து கேட்டுப் பார்க்கும்படி மகள் தன் நாட்காட்டியில் குறித்துவைத்திருக்கிறாள்.

புதிய சாதனங்கள்மேல் அவருக்குள்ள ஆசை குறைந்துவிடவில்லை. புதிய திறன்பேசி அறிமுகமாகும் நாளில் இன்னும் விழித்திருந்து பார்க்கிறார். ஆனால், வாங்குவதற்கு முன் இப்போது இரண்டு கேள்விகள் கேட்கிறார்: கையில் இருப்பதைப் பழுது பார்க்க முடியுமா? பழையதில் உள்ளவை புதியதற்குப் பத்திரமாக வந்து சேருமா? சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறுகிறது. இழுப்பறையில் இருந்த பழைய கைப்பேசிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, படங்களை எடுத்துக்கொண்ட பிறகே அவற்றை மின்கழிவுத் தொட்டியில் போட்டார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் இப்போது தொண்டூழியராக உட்காருகிறார். பழைய மின்விசிறியோ வானொலியோ கொண்டுவருபவர்களிடம் திருப்புளியைக் கொடுத்து, "நீங்களே திறங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்," என்கிறார்.

ஒலிநாடாவை அம்மா மீண்டும் துணியில் சுற்றிப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்துவிட்டார். "மூன்று நகல் எடுத்துவிட்டேனே அம்மா," என்றார் அவர்.

"இருக்கட்டும், தம்பி," என்று மூடியை அழுத்தி மூடினார் அம்மா. "இது நாலாவது."