தாத்தாவின் தழும்பு

பிரான்ஸின் சவோய் மலைக் கிராமம். பத்து வயதுப் பேரனைக் கடைக்கு அழைத்துப்போனார் தாத்தா. 1890-ல் ஜோசப் ஒபினெல் அந்த மலைப்பகுதியில் செய்யத் தொடங்கிய மடக்குக் கத்திதான் வாங்க வேண்டும்.

கனமான வேலைக்கு ஏற்ற, 12 சென்டிமீட்டர் அலகுள்ள 12-ம் நம்பரைக் கேட்டான் பேரன். "உன் கைக்கு அடங்குவதுதான் உன் கத்தி" என்று முனை மழுங்கிய 7-ம் நம்பரை எடுத்துத் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கத்தியை விரித்து, குச்சியில் வைத்து அழுத்தப் போனான். தாத்தா தடுத்தார். தன் ஆள்காட்டி விரல் தழும்பைக் காட்டினார்.

"கத்தி மேல் தப்பில்லைடா. வளையத்தைத் திருக மறந்தது நான்."

1955-ல் மார்செல் ஒபினெல் கத்தியின் கழுத்தில் சேர்த்த அந்த வளையம், தானாகப் பூட்டிக்கொள்ளாது. கையால் திருகினால்தான் அலகு மடங்காமல் நிற்கும்.

பேரன் திருகினான். மெல்ல மடக்கிப் பார்த்தான். அசையவில்லை. அதன் பிறகே குச்சியைச் சீவினான்.

பூட்டை நம்பலாம்; பூட்டினோமா என்று பார்த்த பிறகு!