கத்தி பட்டால் பரவுமா?

“புற்றுக் கட்டியில் கத்தி படக்கூடாது, பட்டால் பரவிவிடும்” என்ற பேச்சைக் கள்ளக்குறிச்சிச் சீமையில் கேட்காதவர்கள் குறைவு. கச்சிராயபாளையத்துப் பஸ் நிறுத்தத்தில் நான் சந்தித்த ஒரு மூதாட்டி அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டாள். கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு இறங்கி வந்தவள். மகளுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லியாயிற்று, மகளும் சம்மதித்துவிட்டாள். தடுப்பவள் தாய்தான்.

“கத்திகூடப் போகட்டும், தம்பி. மயக்க ஊசி போடுறாங்களே, அதுதான் பயம். இவ தூங்குறப்போ அது முழிச்சுக்கிட்டா?” என்றாள்.

சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. பெரிய பெரிய டாக்டர்களே இதே கேள்வியை வேறு பாஷையில் பல வருஷமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். ரண சிகிச்சையின்போது கட்டியிலிருந்து சில அணுக்கள் பிரிந்து ரத்தத்தில் கலக்கக்கூடும். வெட்டுகிற அதிர்ச்சியில் உடம்பின் காவல் அணுக்களோ அந்தச் சமயம் பார்த்துச் சோர்ந்துபோகின்றன. முகரச் செய்யும் மயக்க வாயுவும், மார்பின் வகை மருந்துகளும் இந்தச் சோர்வை அதிகமாக்குமோ, முதுகெலும்பருகே நரம்பை மரத்துப்போகச் செய்தால் ஆபத்துக் குறையுமோ என்றெல்லாம் யோசித்தார்கள்.

யோசித்ததோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தார்கள். 13 ஆஸ்பத்திரிகளில் மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட 2,108 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒரு முறையும் மற்றதற்கு மற்ற முறையும் கையாண்டார்கள். முடிவு 2019-ல் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளிவந்தது. இரு பிரிவிலும் புற்று திரும்பியது 100-க்கு சுமார் 10 பேருக்கு. ஆகவே மயக்கத்தின் வகையை எண்ணி அஞ்சவேண்டியதில்லை.

இதற்கு மேலும் ஒரு செய்தி நம் தேசத்திலிருந்தே வந்தது. மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரியின் டாக்டர் ராஜேந்திர பட்வே தலைமையில், 11 இந்திய ஆஸ்பத்திரிகளில் சுமார் 1,600 பெண்களைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி அது. முற்றாத மார்பகப் புற்று உள்ளவர்கள். எல்லோருக்கும் பூரண மயக்கத்தில்தான் ஆபரேஷன். பாதிப் பேருக்கு மட்டும், கட்டியை அறுப்பதற்கு 7 முதல் 10 நிமிஷம் முன்பு, அதைச் சுற்றி நாலாபுறமும் லிக்னோகெயின் ஊசி போட்டார்கள். பல் பிடுங்கும்போது ஈறில் போடுகிறார்களே, அதே மருந்துதான்! ஐந்து வருஷம் கழித்து, ஊசி போட்டவர்களில் 100-க்கு 90.1 பேர் உயிரோடிருந்தார்கள், போடாதவர்களில் 86.4 பேர். 2023-ல் இது பிரசுரமாயிற்று.

ஒரே ஆராய்ச்சியைக் கொண்டு முடிந்த முடிவாகச் சொல்லிவிட முடியாதுதான். மற்றப் புற்றுகளுக்கு இது பொருந்துமா என்பதையும் தனியே சோதிக்கவேண்டும். ஆனாலும் சின்ன ஆஸ்பத்திரி அலமாரியிலும் கிடைக்கிற மலிவான மருந்து இது. ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை.

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பதைப் பெண்ணுக்குப் பெருமை என்று சொல்லி வளர்த்துவிட்டோம். வலியை அடக்குவது வெறும் சௌகரியம் அல்ல, சிகிச்சையிலேயே ஒரு பாகம். மயக்க ஊசிக்குப் பயந்து மாதங்களைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையில் ஆபத்து. கத்திக்குக் காத்திராமல் கட்டி தானாகவே பரவுவது அந்த மாதங்களில்தான்.