லின்ரல் மட்டத்தில் நிற்கும் சுவர்

எங்கள் ஊர் முன்பள்ளியைப் பற்றி எழுதும்படி கேட்டார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். 2008 இல் கிளிநொச்சிப் பக்கமெல்லாம் இடம்பெயர்ந்தபோது என் படிப்பும் முடிந்தது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2010 இல் மீளக்குடியேறிய எங்கள் சனங்கள், தங்கள் வீடுகளுக்குக் கூரை போட முன்பே, வேப்பமரத்தடியில் தறப்பாள் கட்டி முன்பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். அப்போது பதினொரு பிள்ளைகள். முதலாம் வகுப்பிலிருந்துதான் அரசாங்கம் பள்ளிக்கூடம் தருகிறது. அதற்கு முந்திய வயதுப் பிள்ளைகளைப் பெரும்பாலும் ஊர்தான் பார்க்கவேண்டும். எங்களூரில் மாதர் சங்கமும் பெற்றாரும் அதைச் செய்கிறார்கள். 2021 இல் பிள்ளைகள் நாற்பதைத் தாண்ட, தகரக் கொட்டில் காணாமல் போய்விட்டது.

ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் என்று சிதறியிருக்கும் ஊர்க்காரர் ஒன்பது பேர் சேர்ந்தோம். இருபதுக்கு நாற்பது அடியில் ஒரு மண்டபம் என்று முடிவு. கணக்குக் கொப்பி என் கையில். அத்திவாரம் போட்ட படத்தைக் காட்டினால் பிறந்தநாள் வீட்டிலும் காசு தந்தார்கள். சிலர் தகப்பன் பெயரில் கல்வெட்டு வைக்கலாமா என்று கேட்டார்கள். வைக்கலாம் என்றேன். எனக்கும் அது பெரிய விடயமாகத்தான் பட்டது.

2022 இல் இலங்கையில் எல்லாம் தலைகீழானது. ஆயிரம் ரூபாய் அளவில் வாங்கிய சீமெந்துப் பை மூவாயிரம் வரை போனது. ரூபாய் விழுந்ததால் எங்கள் யூரோவுக்குக் கூடக் கிடைத்தது உண்மை, ஆனால் சீமெந்து அதைவிட வேகமாக ஏறியது. சுவர் லின்ரல் மட்டத்தோடு நின்றது.

அந்த நேரம் ஊரிலிருந்து அக்கா எடுத்தா. "தம்பி, சுவர் எங்கையும் ஓடாது. ரீச்சரைப் பாருங்கோ. அவ கார்மென்ற்ஸுக்குப் போகப்போறா."

மூத்த ரீச்சர் தொடக்கத்திலிருந்து படிப்பித்தவர். கிடைத்தது சிறு கொடுப்பனவு. அதுவும் ஒழுங்கில்லை. மாதாமாதம் ஏதும் அனுப்ப முடியுமா என்று சங்கம் முன்பே கேட்டிருந்தது. "முதலில் கட்டிடம் முடியட்டும்" என்று பதில் சொன்னது நான்தான். ரீச்சரின் சம்பளத்தைப் படம் எடுத்துக் காட்ட முடியாதே.

நான் பிஸ்கற் பொதிசெய்யும் தொழிற்சாலையில் நிற்கிறேன். இரண்டு மாதம் சம்பளம் பிந்தினால் நானும் வேறு வேலை தேடுவேன். ரீச்சரிடம் மட்டும் சேவை மனப்பான்மையை எதிர்பார்த்திருக்கிறேன். நாங்கள் கூடிக் கதைத்து முடிக்க முன்பே அவர் போய்விட்டார். விடிய ஐந்து மணிக்குத் தொழிற்சாலை பஸ் வருமாம். சின்ன ரீச்சர் தனியே நாற்பது பேரையும் சமாளிக்க முடியாமல், மூன்று வயதுப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார். அதில் என் மருமகளும் ஒருத்தி.

2023 ஜனவரியிலிருந்து ஒன்பது பேரும் மாதம் பத்து யூரோ போடுகிறோம். பத்து யூரோ ஊரில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். சின்ன ரீச்சரும் புதிதாக வந்த இன்னொரு பிள்ளையும் அதைப் பங்கிட்டு எடுக்கிறார்கள். ஒருவருக்கு வேலை போனால் அவருடைய பத்தை மற்றவர் போடவேண்டும் என்று பேசிக்கொண்டோம். இதுவரை இரண்டு தடவை அப்படி நடந்தது. ஒரு தடவை வேலை போனவன் நான்.

சுவர் இன்னும் அப்படியே நிற்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளில் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தல் தொங்கவிடுகிறார்கள். கூரைக்குக் காசு தர விரும்பினால் வாங்குவோம், மழைக்குக் கொட்டில் ஒழுகுகிறது. ஆனால் மாதம் பத்து யூரோ முடியுமா என்றுதான் முதலில் கேட்பேன். மூன்றாவது ரீச்சர் ஒருவர் தேவை, அதற்கு ஐந்து பேராவது வேண்டும்.

மூத்த ரீச்சருக்கும் சொல்லி அனுப்பினோம். அவர் திரும்பி வரவில்லை. தன் மகனை மட்டும் இந்த வருடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.