கோராகின் பிள்ளைகள்

சின்ன வயசில் ஞாயிறு பள்ளியில் கேட்ட கோராகு கதை என்னைப் பல ராத்திரி தூங்கவிட்டதில்லை. மோசேக்கும் ஆரோனுக்கும் எதிராகக் கோராகும், தாத்தானும், அபிராமும், 250 பிரபுக்களும் கிளம்பினார்கள். பூமி பிளந்து குடும்பம் குடும்பமாக விழுங்கியது. தூபம் காட்டிய 250 பேரை அக்கினி எரித்தது. மறுநாள் முறுமுறுத்தவர்களில் 14,700 பேர் வாதையில் மாண்டார்கள். எண்ணாகமம் 16-ம் அதிகாரம்.

எங்க அப்பா ஒரு மில்லில் ஸ்டிரைக் பண்ணி வேலையை இழந்தவர். "முதலாளியை எதிர்த்தான், கோராகு மாதிரி போனான். இவன் புள்ளையும் உருப்படாது" என்று சொந்தக்காரங்களே பேசினார்கள். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். ஒவ்வொரு அரியர் விழும்போதும் அந்தப் பேச்சுதான் காதில் கேட்கும்.

போன லீவில் அந்த அதிகாரத்தை நானே படித்தேன். இவர்களிடம் ஒரு கழுதையைக்கூட எடுத்ததில்லை என்று மோசே கடவுளிடம் முறையிடுகிறார். அந்த முதலாளியால் அப்படிச் சொல்ல முடியுமா? அப்பாவுக்குப் பாக்கிச் சம்பளமே இன்னும் வரவில்லை! அப்புறம் 26-ம் அதிகாரம். கோராகின் பிள்ளைகள் அன்று பிழைத்துக்கொண்டார்களாம்! இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. 42, 84-ம் சங்கீதங்களின் தலைப்பில் கோராகின் புத்திரர் பேர்தான் இருக்கிறது. தண்டனை விழுந்த வீட்டிலிருந்து பாட்டு வந்திருக்கிறது.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் பரீட்சை பீஸ் பணத்தை இரண்டு தடவை எண்ணி என் கையில் வைத்தார்.