கண்டன்சர் பாடம்

பன்னிரண்டாம் வகுப்புக்கு மின்தேக்கிப் பாடத்தை 23 வருஷம் நடத்தியவன் நான். இரண்டு உலோகத் தகடு, நடுவே ஒரு மின்காப்பு, அதில் எவ்வளவு மின்னூட்டம் சேரும் என்ற கணக்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதே மின்தேக்கி என் சொந்த வண்டிக்குள், சுண்டுவிரல் நுனி அளவில், ஒற்றை ஸ்க்ரூவில் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு புது கார்புரேட்டரும் என் கணுக்காலும் செலவாகிவிட்டன.

வண்டி, அப்பா விட்டுப்போன புல்லட் 350. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய கம்பெனியின் வண்டி, திருவொற்றியூரில் பிறந்தது. சீமையில் தாய்க் கம்பெனி மூடிய பிறகும் இங்கே அதே எஞ்சின் பெரிய மாறுதல் இல்லாமல் பல பத்தாண்டு வந்துகொண்டிருந்தது. தாத்தா வண்டிக்குச் சொன்ன பக்குவம் பேரன் வண்டிக்கும் பொருந்தியது அதனால்தான்.

அப்பா அதை ஸ்டார்ட் செய்வதைப் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெல்ல அழுத்துவார். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரின் முள் இடப்பக்கம் சாயும். கரண்ட்டை வெட்டும் பாயிண்ட் மூடியிருக்கிறது, காயிலில் கரண்ட் ஓடுகிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் முள் நடுவுக்கு வரும், பாயிண்ட் திறந்துவிட்டது. உடனே டீகம்ப்ரஸரைப் பிடித்து, பிஸ்டனை உச்சியிலிருந்து ஒரு நூல் கீழே இறக்கி, கையை விட்டுவிட்டு ஒரே மிதி. டேங்க் மேல் உட்கார்ந்து முள்ளைப் பார்த்து “வந்துருச்சுப்பா” என்று சொல்வது சின்ன வயதில் என் வேலை.

அப்பா போனபின் வண்டியைத் துடைத்துச் சுத்தம் செய்தேன். டூல் பாக்ஸில் துருப்பிடித்த ஸ்பேனர்கள், பழைய பிளக், ஒயர் முளைத்த ஒரு சின்னத் தகர உருளை. எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டேன்.

முதல் கோளாறு சிறுமலையில். திண்டுக்கல்லிலிருந்து ஏறினால் 18 கொண்டை ஊசி வளைவு. பன்னிரண்டாவது வளைவில் வண்டி நின்றது. உதைத்து உதைத்துச் சட்டை நனைந்தது. அரைமணி நேரம் பாறையில் உட்கார்ந்துவிட்டு உதைத்தால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. அடுத்த வாரமும் ஏறக்குறைய அதே இடம், அதே அரைமணி.

படிக்காதவன் இந்த இடத்தில் மெக்கானிக்கிடம் போயிருப்பான். எனக்கோ காரணம் தெரிந்துவிட்டது. உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். கார்புரேட்டர் அனுப்பும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. கலவையில் பெட்ரோல் மிகுந்து எஞ்சின் திணறும். இயற்பியல் சரிதான். ஆனால் பெட்ரோல் மிகுந்தால் பிளக் கரியாக இருக்க வேண்டும். கழற்றிப் பார்த்தபோது அழகான காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்தேன், துடைத்து மாட்டிவிட்டேன். என் கொள்கைக்கு ஒத்துவராத சாட்சியை நான் துடைத்துப்போட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் தினசரியை விரித்துக் கார்புரேட்டரைப் பிரித்தேன். பித்தளையின் பளபளப்பும் பெட்ரோல் வாசமும் ஒரு போதை. ஸ்லோ ஜெட்டின் துளை எதிர்வெளிச்சத்தில் ஊசிமுனைப் புள்ளியாகத் தெரிந்தது. அடைப்பு இருக்குமோ என்று வீட்டுக்காரியின் சேஃப்டி பின்னை விட்டுக் குடைந்தேன். இரும்புக்குப் பித்தளை ஈடு கொடுக்காது, துளை பெரிதாகிவிட்டது. கூடவே 90-ஆம் நம்பர் மெயின் ஜெட்டைக் கழற்றிவிட்டு 85 போட்டேன். இப்போது ஸ்லோவில் கறுப்புப் புகை, முழுசாகத் திருப்பினால் பசி. பிளக் வெளுத்தது, எஞ்சின் கொதித்தது, வண்டி சிறுமலை போகாமலே பேகம்பூர் தாண்டுவதற்குள் நின்றது. கார்புரேட்டரே போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்று வாங்கி, பழக்கதோஷத்தில் அதிலும் 85-ஐயே மாட்டினேன்.

அதற்கும் மசியவில்லை என்றதும் பாயிண்டைத் திறந்தேன். ஒரு முனையில் குழி, எதிர்முனையில் மேடு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமமாக்கினேன். இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் என்னிடம் இல்லை. கண்ணளவுக்கு, கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். இடைவெளி அகலமானால் பாயிண்ட் முன்கூட்டியே திறக்கும், பொறியும் முன்கூட்டியே விழும் என்பது அப்போது உறைக்கவில்லை. மறுநாள் காலை உதைத்தேன். பிஸ்டன் உச்சிக்குப் போகும் முன்னே வெடித்து, கிக்கர் ரிட்டர்ன் அடித்தது. பூட்ஸ் போடாத கால். கணுக்கால் பலாக்கொட்டைபோல் வீங்கியது. மூன்று வாரம் நொண்டினேன். பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கு மாடிப்படியில் வழுக்கியதாகச் சொன்னேன். வகுப்பிலும் அதையே சொன்னேன்.

கடைசியில் குட்டியானையில் ஏற்றி, அப்பாவுக்கு வேலை பார்த்த பாய் கடையில் கொண்டுபோய் இறக்கினேன். அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. டீ சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நிக்கும்போது எப்படி சார் நிக்குது? பெட்ரோல் தீர்ந்த மாதிரி இழுத்து இழுத்தா, சாவியைத் திருப்பின மாதிரி பட்டுனா?”

எட்டு மாதத்தில் இதை நான் யோசித்ததே இல்லை. “பட்டுன்னுதான் பாய்.”

“அப்போ கார்புரேட்டரை எதுக்கு சார் தொட்டீங்க?”

உயரம், காற்று அடர்த்தி, ஜெட் மாற்றம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “மலை ஏத்தத்துல யாரு சார் ஃபுல்லா திருப்பி ஓட்டுறா? பாதித் திருப்புல ஊசிதான் வேலை செய்யும். முக்காலுக்கு மேல போனாத்தான் மெயின் ஜெட்டுக்கே வேலை.”

விளக்கு வைக்கும் நேரம்வரை காக்க வைத்தார். எஞ்சினைச் சூடேற்றி, கடை லைட்டை அணைத்துவிட்டுப் பாயிண்ட் மூடியைத் திறந்தார். உள்ளே நீலப்பொறி சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது, சின்ன வெல்டிங் மாதிரி. “இந்த நெருப்பு பிளக்குல விழணும் சார். இங்க விழுது. கண்டன்சர் செத்துப்போச்சு.”

அந்த இருட்டில்தான் என் பாடப்புத்தகம் திறந்தது. காயிலில் ஓடும் கரண்ட்டைப் பாயிண்ட் வெட்டும்போது காந்தப்புலம் சட்டென்று சரிய வேண்டும். அப்படிச் சரிந்தால்தான் பேட்டரியின் ஆறோ பன்னிரண்டோ வோல்ட், பிளக்கில் பல ஆயிரம் வோல்ட்டாக எழும்பும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் கார்களுக்காக உருவாக்கிய ஏற்பாடு. வெட்டும் நொடியில் நிற்க மனமில்லாமல் தாவும் கரண்ட்டை வாங்கிக்கொள்ள ஒரு மின்தேக்கி வேண்டும். சுமார் 0.2 மைக்ரோஃபாரட் போதும். அது இல்லாவிட்டால் கரண்ட் பாயிண்ட் இடைவெளியிலேயே பொறியாகத் தாவும், புலம் மெதுவாகச் சரியும், பிளக்கில் வலு இருக்காது. குழியும் மேடும் அந்தப் பொறி தின்ற இடம். நான் உப்புத்தாளால் அழித்தது அந்தத் தடயத்தை. உள்ளே இரண்டு மெல்லிய உலோகத் தாள், இடையே காப்புத் தாள், பாய்போல் சுருட்டியது. வயதானால் சூட்டில் கசியும், ஆறினால் தேறும். அரைமணி நேரப் பாறைக்கு விடை அதுதான்.

“அப்பா எப்பவும் டூல் பாக்ஸ்ல ஒண்ணு ஸ்பேர் போட்டு வெச்சிருப்பாரே, அதை எடுங்க” என்றார் பாய். ஒயர் முளைத்த தகர உருளை. நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் ஓர் அம்பாசடர் கார் கண்டன்சரை எடுத்து, எஞ்சின் சூடு படாமல் டேங்குக்கு அடியில் காயில் பக்கத்தில் முடுக்கி, நீள ஒயர் இழுத்துப் பாயிண்டில் சேர்த்தார். அந்த வண்டியில் நடந்த உருப்படியான ஒரே மாற்றம் அதுதான். அப்புறம் என் கைவேலைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். புதுப் பாயிண்ட் போட்டுக் கேஜ் வைத்து இடைவெளி பார்த்தார். ஓட்டிவிட்டு வரச் சொன்னார். பாயிண்டுக்கு நடுவே சிகரெட் பெட்டித் தாளைக் கவ்வ வைத்து, அது வழுகும் நொடியைப் பிடித்து டைமிங் வைத்தார். மறுபடி ஓட்டிவிட்டு வந்தேன். 90-ஆம் நம்பர் ஜெட்டை மாட்டினார். இன்னொரு தடவை ஓட்டம். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்துவிடலாமே என்றேன்.

“ஒண்ணைத் தொட்டா ஓட்டிப் பாக்கணும் சார். ரெண்டைத் தொட்டா எது பேசுதுன்னு தெரியாது.”

ஆய்வகத்தில் ஒரு நேரத்தில் ஓர் அளவைத்தான் மாற்ற வேண்டும் என்று பையன்களைத் திட்டுகிறவன் நான். வண்டியில் அது ஏன் மறந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கார்புரேட்டர் பிரித்தால் பிரியும். துளை தெரியும், மிதவை ஆடும். கண்டன்சரோ மூடிய தகரம், பார்வைக்கு ஒன்றும் சொல்லாது. கைக்கு எட்டியதைக் குற்றவாளியாக்கிவிட்டு அதற்குத் தோதாக இயற்பியலைத் துணைக்கு அழைத்தேன். விஷயம் தெரியாதவன் இரண்டாவது தோல்வியில் நிறுத்தியிருப்பான். எனக்கு ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு விளக்கம் கையிருப்பில் இருந்தது.

செத்த கண்டன்சரை பாயிடம் கேட்டு வாங்கிவந்து சாக்பீஸ் டப்பாவில் போட்டேன். அடுத்த முறை மின்தேக்கிப் பாடம் வந்தபோது அதை பெஞ்சு பெஞ்சாகச் சுற்றவிட்டேன். கடைசி பெஞ்சுப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், பாத்தா நல்லாத்தானே இருக்கு. கெட்டுப்போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றான். நான் கண்டுபிடிக்கவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. மாடிப்படியில் நான் வழுக்கவே இல்லை என்பதையும் அன்றுதான் அந்த வகுப்பில் சொன்னேன்.